'டிரகோனியன்' என்றால் என்ன? எங்கே பயன்படுத்தலாம்?

ஆங்கிலச் செய்திகளில் 'டிரகோனியன் சட்டம்' என்று அடிக்கடி வருகிறதே, அது வெறும் 'கடுமையான' என்பதுதானா, டிராகனுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடுமை மட்டும் இருந்தால் போதாது, அளவு மீறிய கடுமையாக இருக்க வேண்டும். செய்த தப்புக்கும் கிடைக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இருக்காது. அப்புறம், அதிகாரம் உள்ளவர்கள் போடுகிற சட்டம், விதி, தண்டனை, கட்டுப்பாடு, நிதி வெட்டு போன்றவற்றோடுதான் இந்தச் சொல் சேரும். கடும் வெயிலுக்கும் கடூரமான குரலுக்கும் 'ஹார்ஷ்' இருக்கிறது. கண்டிப்பான வாத்தியார் 'ஸ்ட்ரிக்ட்'. ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் பரீட்சை எழுத விடமாட்டேன் என்று அவர் விதி போட்டால், அந்த விதிதான் டிரகோனியன்.

டிராகன் சம்பந்தம் பாதி உண்மை. சொல் பிறந்தது டிராகோ என்ற ஆளின் பெயரிலிருந்து. கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸ் நகரத்துக்கு முதன்முதலில் சட்டங்களை எழுத்தில் கொடுத்தவர் அவர். அந்தப் பெயருக்கே கிரேக்கத்தில் பெரும் பாம்பு, டிராகன் என்றுதான் அர்த்தம். இவை மனிதன் போட்ட சட்டங்கள் இல்லை, டிராகன் போட்டவை என்று பிற்காலத்துக் கிரேக்கர் ஒருவர் சிலேடை பேசியதை அரிஸ்டாட்டில் குறித்து வைத்திருக்கிறார்.

கெட்ட பெயருக்குக் காரணம் புளூடார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதியது. கொலை செய்தாலும் மரணம், தோட்டத்தில் கீரையோ பழமோ திருடினாலும் மரணம், வேலை வெட்டி இல்லாமல் திரிந்தாலும் மரணம். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, சின்னக் குற்றங்களுக்கே இது தகும், பெரியவற்றுக்கு இதைவிடப் பெரிதாக வேறு தண்டனை எனக்குத் தெரியவில்லை என்றாராம் டிராகோ. அவர் சட்டங்கள் மையால் அல்ல, ரத்தத்தால் எழுதப்பட்டவை என்ற பேச்சையும் புளூடார்க்தான் சொல்கிறார். ஆனால் அவர் எழுதியது டிராகோவுக்கு ஏறக்குறைய 700 வருடங்கள் கழித்து.

எனக்கு இதில் டிராகோ மேல் கொஞ்சம் பரிதாபம் உண்டு. கி.மு. 594 வாக்கில் சோலன் என்ற ஏதென்ஸ் தலைவர் வந்து மற்ற சட்டங்களை எல்லாம் நீக்கினாலும், கொலைச் சட்டத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். கி.மு. 409-இல் ஏதென்ஸ்காரர்கள் அதை மறுபடியும் எழுதிக் கல்லில் வெட்டினார்கள். அந்தக் கல், சிதைந்த நிலையில், இன்றும் ஏதென்ஸ் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? திட்டமிடாமல் ஒருவரைக் கொன்றுவிட்டால் நாடு கடத்தல். செத்தவரின் தந்தை, சகோதரர்கள், மகன்கள் எல்லோரும் சம்மதித்தால் மன்னிப்பும் உண்டு; ஒருவர் மறுத்தாலும் கிடையாது. பழிக்குப் பழி என்று குடும்பங்கள் வெட்டிக்கொண்டிருந்த ஊரில் இது எவ்வளவோ மேல். அவர் பெயரில் கையில் கிடைத்திருக்கும் ஒரே சட்டத்தில் டிரகோனியன் வாடையே இல்லை!

சரி, இன்றைய பயன்பாடு. நம் ஊர்ச் செய்திகளில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நினைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் எரிச்சலூட்டும்படி எதையாவது எழுதினாலே மூன்று வருடம் வரை சிறை. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்யும்வரை ஆங்கிலப் பத்திரிகைகள் அதற்கு வைத்த அடைமொழி இதுதான். அரசாங்கம் தன் சட்டத்தை ஒருநாளும் இப்படிச் சொல்லாது, 'ஸ்ட்ரின்ஜென்ட்' (கண்டிப்பானது) என்று சொல்லிக்கொள்ளும். டிரகோனியன் என்பது எதிர்ப்பவர் வாயில் வரும் சொல். அதை எழுதினாலே நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள், நடுநிலையான கட்டுரையில் பார்த்துப் போடுங்கள்.

கேலியாகவும் சொல்லலாம். லிஃப்டில் சைக்கிள் ஏற்றினால் 500 ரூபாய் அபராதம் என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் அறிவித்தபோது, வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா 'டிரகோனியன்!' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டார். பாவம், அவர் பேரனுக்கு அப்போதுதான் சைக்கிள் வாங்கியிருந்தார்கள்.

சொல்லும்போது 'கோ'வை அழுத்துங்கள். தமிழில் எழுத 'கொடுங்கோன்மைச் சட்டம்' பெரும்பாலும் பொருந்தும். விசாரணை இல்லாமல் உள்ளே தள்ளுகிற வகைச் சட்டமாக இருந்தால் நான் 'ஆள்தூக்கிச் சட்டம்' என்றே போடுவேன்.