ஹீமோகுளோபின் 12 ஆகிவிட்டது, இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். 8.1 இருந்தது இரண்டே மாதத்தில் 12 ஆகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் இப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு மாதவிடாயில் போக்கு மிக அதிகம். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். 12-ஐத் தொட்டதும் மாத்திரையை விட்டேன். ஐந்து மாதத்தில் மறுபடியும் 9. மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவர் அப்போது பொறுமையாக விளக்கினார்.

பெரியவர்கள் உடம்பில் உள்ள இரும்பு மொத்தமே 3 முதல் 4 கிராம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தில், சிவப்பணுக்களுக்குள் உள்ள ஹீமோகுளோபினில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. அதற்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து ஏறுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம். மீதி எங்கிருந்து வருகிறது? 120 நாள் உழைத்து ஓய்ந்த சிவப்பணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் உடைத்து, இரும்பை மட்டும் பிரித்தெடுத்து மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. வெளிறிப்போன பிள்ளைகளுக்கு எங்கள் ஆயா ஆட்டுச் சுவரொட்டியை மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பார். சுவரொட்டி என்பது மண்ணீரல்தான்! மருத்துவர் மண்ணீரலைப் பற்றிச் சொன்னபோது எனக்கு ஆயாவின் கை நினைவுக்கு வந்தது.

ரத்தம் வெளியே போனால் இந்தச் சுழற்சி அறுந்துவிடுகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. ஒரு மாதப் போக்கு 80 மில்லிலிட்டர் என்றால் 40 மில்லிகிராம். மாதம் முழுவதும் உணவு தந்ததில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். உடம்பு முதலில் ஃபெரிட்டின் என்ற சேமிப்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கிறது. அதுவரை ஹீமோகுளோபின் குறைவதில்லை. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் மஜ்ஜைக்குத் தட்டுப்பாடு. சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து சிவப்பணு செய்யச் சொல்லி விரட்டுகிறது; ஆனால் இரும்பு இல்லாததால் பிறக்கும் அணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கின்றன. உங்களுக்கு 8.1 வந்த நாளுக்கு வெகு முன்பே இந்தச் சேமிப்புக் குதிர் காலியாகியிருக்கும்.

திரும்பி வரும்போது வரிசை மாறுகிறது. மாத்திரையிலிருந்து வரும் இரும்பை முதலில் மஜ்ஜை எடுத்துக்கொள்கிறது. சேமிப்புக்குக் கடைசியில்தான் கிடைக்கும். உங்கள் 12 என்பது உலை கொதிப்பதைக் காட்டுகிறது. குதிரில் நெல் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதனால்தான் ஹீமோகுளோபின் சரியான பிறகும் வழக்கமாக மூன்று மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்கள். ஃபெரிட்டின் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு நல்லது. டீயும் காபியும் வேண்டாம், இரும்பு ஏறாது. மலம் கறுத்துப் போவது பெரும்பாலும் மாத்திரையால்தான். வயிறு புரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஒரு தடவை மாத்திரையின் இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து மறுநாள் வரை குடலின் கதவைச் சற்று ஒருக்களித்து வைக்கிறது. இடைவெளி விட்டால் அது மறுபடி திறக்கும்.

ரத்தம் எதனால் குறைந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குக் கருப்பையில் நார்க்கட்டி இருந்தது. அதைக் கவனித்த பிறகே எண் கீழே இறங்காமல் நின்றது. உங்களுக்கு எங்கே கசிகிறது என்று இந்த மாதமே பாருங்கள்.