பதில்: வீட்டில் செய்த ஃபேஸ் வாஷ், கண் எரிச்சல் சோதனை

வணக்கம். நீங்கள் காய்ச்சும் ஃபேஸ் வாஷை விற்பதற்கு முன் முயல் கண்ணில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அழகுசாதனங்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014இலேயே தடை செய்துவிட்டது. உங்கள் கண்ணிலும் விட்டுப் பார்க்காதீர்கள், அப்படியும் சில தைரியசாலிகள் இருக்கிறார்கள்!

முதலில் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) பாருங்கள். காஸ்டிக் பொட்டாஷில் காய்ச்சிய சோப்பு என்றால் 9, 10 என்று காட்டும். கண்ணீரோ 7.4 பக்கம். எரியாமல் என்ன செய்யும்? எலுமிச்சைச் சாறு ஊற்றி இறக்கப் பார்த்தால் சோப்பு திரிந்து எண்ணெயாக மிதக்கும். டெசைல் குளுக்கோசைடு மாதிரி மென்மையான நுரைப்பொருளுக்கு மாறிவிடுவதே மேல்.

அப்புறம், ஆய்வகத்தில் 'ஓஇசிடி 492' என்ற, விலங்கில்லாமல் கண் எரிச்சலைப் பார்க்கும் சோதனை உண்டா என்று கேளுங்கள். மனிதச் செல்களால் வளர்த்த, கார்னியாவின் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) மேலடுக்கு போன்ற திசுவில் உங்கள் திரவத்தை விட்டுக் கழுவுவார்கள். பிறகு மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள்; உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக்கும். 60 சதவீதத்துக்கு மேல் பிழைத்திருந்தால் சரி. குறைந்தால், எரிச்சலூட்டாது என்று சொல்ல முடியாது. எவ்வளவு மோசம் என்பதை இது மட்டும் காட்டாது.

தேறினாலும் லேபிளில் 'கண் எரியாது' என்று போட்டுவிடாதீர்கள். லேசான எரிச்சல் இந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம்.