சம்பளம் உயர்ந்தும் ஈடுபாடு திரும்பவில்லையே?

கேள்வி: இருபது ஆண்டுகளாகச் சைவ உணவகம் நடத்துகிறேன். 2020 ஊரடங்கின்போது வேலையாட்களில் பாதிப்பேரை ஊருக்கு அனுப்ப நேர்ந்தது. பின்னர் கடையைத் திறந்து சம்பளத்தையும் உயர்த்தினேன். ஆனாலும் பழைய ஆட்களிடம்கூட முன்பிருந்த ஈடுபாடு இல்லை. சொன்ன வேலையை மட்டும் முடித்துவிட்டுப் போகிறார்கள். நான் எங்கே தவறினேன்?

– வாசகர், திண்டுக்கல்

பதில்: சம்பளத்தை உயர்த்தியது நல்ல காரியம். ஆனால், அந்த மாதங்களில் அவர்கள் இழந்தது சம்பளத்தை மட்டுமல்ல. வெளியூரிலிருந்து வந்து கடை மாடியில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு மூன்று வேளைச் சாப்பாடும் படுக்கும் இடமும் கடைதான் என்பதால், 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது வேலையோடு சேர்த்து அவையும் நிச்சயமற்றவை ஆகிவிட்டன. மூடியிருக்கும் காலத்துக்கும் பிடித்தமின்றி ஊதியம் தர வேண்டும் என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஆணையிட்டது. மே 18 முதல் அந்த ஆணை விலக்கப்பட்டது. பூட்டிய கடைக்கு வாடகை கட்டிய முதலாளியின் இக்கட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் எவ்வளவு தர முடியும், எப்போது திரும்ப அழைப்போம் என்று யாரும் உட்கார்ந்து பேசாததே பல கடைகளில் ஆறாத மனக்குறையாகத் தங்கிவிட்டது என்று கருதுகிறேன்.

வேலையின் தன்மையும் மாறியது. வழக்கமாக வருபவர் அமர்ந்தவுடனே அவர் கேட்காமலேயே முறுகலான தோசையும் கூடுதல் சட்னியும் கொண்டுவந்து வைப்பதில்தான் ஒரு சப்ளையரின் திறமையும் பெருமையும் இருக்கின்றன. டிப்ஸும் அதனால்தான் வருகிறது. பார்சல் மட்டும் என்றானபின் அவர் முகம் தெரியாதவர்களுக்குச் சாம்பாரைப் பொட்டலம் கட்டினார். பாராட்டும் இல்லை, டிப்ஸும் இல்லை. ஜூன் 8 முதல் பாதி இருக்கைகளோடு உணவகங்கள் திறந்தன; 2021 மே மாதம் முழு ஊரடங்கு வந்து மீண்டும் பார்சல் மட்டும் என்றானது. இப்படித் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததைக் கண்டவர், நாளை இந்த வேலை இருக்குமா என்று தெரியாத நிலையில், கேட்டதற்கு மேல் செய்யாமல் இருப்பதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

உங்கள் ஆட்களின் பெயர்கள் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவில் உள்ளனவா? 2020 மார்ச் 24 முதல் வேலையிழந்த, தகுதியுள்ள, காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்குச் சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை வழங்க ஈ.எஸ்.ஐ. கழகம் முடிவு செய்தது. பெயர் பதிவில் இல்லாதவர் இதைக் கேட்கவே வழியில்லை. விடுபட்டவர்களைச் சட்டப்படி சேர்த்து, அட்டையை அவர்கள் கையிலேயே கொடுங்கள். பார்சல் வருமானத்தில் ஒரு சிறு பங்கை டிப்ஸுக்கு ஈடாகச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, காலை டிபன் கூட்டம் ஓய்ந்த பிறகு அவர்களோடு அமர்ந்து, அந்த ஊரடங்கு மாதங்களில் யாருக்கு எவ்வளவு பாக்கி நின்றது என்று நீங்களாகவே கேளுங்கள். இருந்தால் தவணையாகவேனும் கொடுத்துவிடுங்கள்.