அக்காவைக் கேளுங்கள்: சாயங்காலம் மட்டும் பொறுமை எங்கே போகிறது?

கேள்வி: அக்கா, மறதி நோய் வந்த மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ‘அவன் வந்துட்டானா?’ என்று மகனைப் பற்றி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார். காலையில் நல்லபடியாகப் பதில் சொல்கிறேன். சாயங்காலம் ஆனால் கத்திவிடுகிறேன். சபையிலோ எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பரிசுத்த ஆவி நமக்குள் விளைவிக்கும் நற்குணங்களான ஆவியின் கனி என்னிடம் இல்லையா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, நான் வேலை பார்த்த காலம் முழுக்க நர்ஸ். அதனால் வேதத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்தச் சாயங்காலத்தைத்தான் பார்க்கிறேன். மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போது பதற்றமும் குழப்பமும் கூடும். நீங்களும் அந்த நேரத்தில்தான் அசந்து போயிருப்பீர்கள். உங்களைச் சீண்டுவதற்காக அவர் கேட்கவில்லை. சற்று முன் கேட்டதே அவருக்கு நினைவில் இல்லை. அந்தக் கேள்விக்குள்ளே பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும். ‘ஏழு மணிக்கு வருவார்’ என்று தூரத்திலிருந்து சொல்வதைவிட, கையைப் பிடித்துக்கொண்டு ‘வந்துடுவார் அத்தை, நான் இருக்கேன்ல’ என்று சொல்லிப் பாருங்கள். வாசிக்க முடிகிறவர் என்றால் பதிலைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள்.

அப்புறம், உங்களைப் பொறுமைசாலி என்று சொல்லும் சபையாரில் யாராவது ஒருவரை, சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து அத்தையோடு உட்காரச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்ததும் மகனும் உட்காரட்டும். தயவும் நீடிய பொறுமையும் மருமகள்களுக்கு மட்டும் எழுதி வைத்தவை இல்லையே!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆவியின் கனியை அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று தொடங்கி இச்சையடக்கம் வரை கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் வரிசையாக எழுதிய பவுல் யார்? ஊழியப் பயணத்துக்கு மாற்கு என்னும் யோவானைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் தன் உடன் ஊழியரான பர்னபாவோடு கடுங்கோபம் மூண்டு பிரிந்தவர் (அப்போஸ்தலர் 15). அதே பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார் (2 தீமோத்தேயு 4:11). இரண்டுக்கும் நடுவே பல வருடங்கள். சண்டை போட்ட அன்றைக்கு அவரைப் பார்த்திருந்தால் நாம் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்போம்? கத்தி முடித்த சூட்டோடு உங்களை நீங்களே எடைபோடாதீர்கள். அதற்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். அத்தைக்கு மறந்துதான் போகும் என்று விட்டுவிடாமல் மன்னிப்புக் கேளுங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது மறந்தாலும், மனம் கலங்கினது அவ்வளவு சீக்கிரம் போகாது. வார்டில் அதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பொறுமைக்காக ஜெபித்தால் சோதனை வரும், அதனால் ஜெபிக்காதே என்கிறார்களே?

பதில்: ஜெபிக்காதவர்களுக்கு மட்டும் வராமலா இருக்கிறது? தைரியமாக ஜெபியுங்கள்.

கேள்வி: நான் தயாரிக்கும் அறிக்கைகளை உடன் வேலை செய்பவர் தன்னுடையது போல மேலதிகாரியிடம் காட்டுகிறார். சாந்தம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

பதில்: இல்லை. பிரதான ஆசாரியனுக்கு முன்னால் சேவகன் ஒருவன் அறைந்தபோது, ‘நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்’ என்று இயேசு கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, கேட்காமல் விடவும் இல்லை. நீங்களும் முதலில் அவரிடமே தனியாகப் பேசுங்கள். ‘இதை நான் தயாரித்தேன், அடுத்த முறை என் பெயரும் இருக்க வேண்டும்’ என்று சொன்னால் போதும், பழைய கணக்கையெல்லாம் கிளறாதீர்கள். நாலு பேரிடம் புலம்பிவிட்டு அவரிடம் போனால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். அதற்கும் அவர் மசியவில்லை என்றால் மேலதிகாரியிடம் போகலாம், தப்பில்லை. போகப் போகிறேன் என்பதை அவரிடம் சொல்லிவிட்டே போங்கள்.