கணினி வரைகலை: கேள்வி – பதில்

கேள்வி: விசைப்படகுகளுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிறேன். கையால் வரைந்த சீலா மீனை ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் செய்தால் (படத்தைக் கோடாக மாற்றினால்), வினைல் வெட்டும் கட்டர் நடுங்கி நடுங்கி ஓடுகிறது. வினைல் ஓரம் பிசிறடிக்கிறது. புது பிளேடு போட்டும் பயனில்லை.
– வாசகர், மண்டபம்

பதில்: கோளாறு பிளேடில் இல்லை, கோட்டில்தான் இருக்கும். ஆங்கில ‘என்’ (N) விசையை அழுத்தி, கோட்டைச் சொடுக்கிப் பாருங்கள். முதுகு வளைவு நெடுக நோடுகள், அதாவது கோட்டை வடிவமைக்கும் புள்ளிகள், எறும்பு வரிசையாக நின்றால், கத்தி ஒவ்வொன்றிலும் திசை திரும்புகிறது என்று பொருள். கன்ட்ரோல் + எல் ஒருமுறை கொடுங்கள், நோடுகள் குறையும். விடாமல் அழுத்தாதீர்கள், அழுத்த அழுத்த வீரியம் கூடி வால்நுனி மழுங்கிவிடும். மீதி நோடுகளைக் கையால்தான் எடுக்க வேண்டும். டெலீட் மட்டும் அழுத்தினால் இங்க்ஸ்கேப் வடிவத்தைக் காக்கப் பார்க்கும். கன்ட்ரோலும் சேர்ந்தால் காக்காது. பிறகு வளைவு நோடை வழவழப்பாக்க ஷிப்ட் + எஸ், வால்நுனியைக் கூராக்க ஷிப்ட் + சி.

டிரேஸில் ‘எட்ஜ் டிடெக்‌ஷன்’ வேண்டாம், ஒரு கோடு இரண்டாகும். மீனைக் கறுப்பாக நிரப்பி ஸ்கேன் செய்து, ‘பிரைட்னஸ் கட்ஆஃப்’ வையுங்கள்.

படகுப் பெயரில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், எழுத்தைப் பாத் (கோட்டு வடிவம்) ஆக்கி, குரூப்பைக் கலைத்து, எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைக்கும் யூனியன் கொடுங்கள். இல்லாவிட்டால் கத்தி எழுத்தின் நடுவிலேயே வெட்டும்.