டிராகன் படகுத் திருநாளில் சீனர்கள் சாப்பிடும் இலைப்பொட்டலச் சோறு, ஆற்றில் மூழ்கிய ஒரு கவிஞருக்காகத் தோன்றியது என்பது உண்மையா?

கவிஞர் உண்மை. அவர் ஆற்றில் விழுந்து இறந்த செய்தியும் மிகப் பழையது. ஆனால் அந்தச் சோற்றுப் பொட்டலத்தையும் அவரையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர்கள் பல நூறு ஆண்டுகள் கழித்து வந்தவர்கள். சுருக்கமான பதில் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் பினாங்குக்காரன். எங்கள் வரிசை வீட்டில் ஒரு சுவர் தள்ளி, ஹொக்கியன் மொழி பேசும் ஒரு சீனக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பாட்டியைத் தெருவே 'ஆ மா' என்றுதான் கூப்பிடும். சீன நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், நம் கணக்கில் பெரும்பாலும் ஜூன், இந்தத் திருநாள் வரும். இரண்டு நாள் முன்பே காய்ந்த மூங்கில் இலைகளை அண்டாவில் ஊறப்போட்டுவிடுவார். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு துடைப்பக் கழி; அதிலிருந்து கொத்தாக நூல்கள் தொங்கும். இரண்டு இலையைச் சேர்த்துக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே புலுட் அரிசி (அந்த ஒட்டும் அரிசிதான்), பன்றி இறைச்சி, காளான், உப்பு முட்டையின் மஞ்சள் கரு எல்லாம் வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் அரிசி போட்டு, இலையை மடக்கி நூலால் ஒரே இழுப்பு. நாலு மூலையும் கூர்மையாக நிற்கும். நானும் ஒரு தடவை கட்டிப் பார்த்தேன். பானையில் போட்ட அரை மணியில் அது கஞ்சியாகிவிட்டது.

மாண்டரினில் இதன் பெயர் சோங்ஸி. ஹொக்கியனில் சாங். பாக் சாங் என்றால் இறைச்சி வைத்தது.

கவிஞர் கதையை எனக்கு முதலில் சொன்னதும் ஆ மாதான். ச்சூ யுவான் என்று ஒரு நல்ல மந்திரி. ராஜா கெட்டவர்கள் பேச்சைக் கேட்டு அவரை விரட்டிவிட்டார். நாடு எதிரி கையில் விழுந்தது. மனம் வெறுத்து ஆற்றில் குதித்தார். ஊர் மக்கள் படகெடுத்துத் தேடினார்கள். அதுதான் படகுப் போட்டி ஆனது. மீன்கள் உடலைத் தின்னாமல் இருக்கச் சோற்றை வீசினார்கள். அதுதான் சாங் ஆனது. சீனாவிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறார்கள்.

சரி, பழைய ஏடுகள் என்ன சொல்கின்றன?

ச்சூ யுவான் கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டுகளில் சு நாட்டில் வாழ்ந்தவர். கி.மு. 278இல் ச்சின் நாட்டுப் படை சு நாட்டின் தலைநகர் யிங்கைப் பிடித்தது. அவர் இறந்ததும் அந்தச் சமயத்தில்தான் என்பது வழக்கமான கணக்கு. இடம் இன்றைய ஹூனான் மாநிலத்தில் உள்ள மிலுவோ ஆறு. அவர் வாழ்க்கையை முதலில் விரிவாக எழுதியவர் வரலாற்றாசிரியர் சிமா சியான், சுமார் கி.மு. 100 வாக்கில். கல்லைக் கட்டிக்கொண்டு மிலுவோவில் விழுந்தார் என்று எழுதுகிறார். என்ன மாதம், என்ன நாள் என்று எழுதவில்லை. படகும் இல்லை, சோறும் இல்லை.

அதே சிமா சியான் இன்னொரு இடத்தில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளைப் பற்றிச் சொல்கிறார், இதை விட எனக்குப் பிடித்த கதையில். ச்சி நாட்டில் தியன் வென் என்ற பிள்ளை அந்த நாளில் பிறக்கிறான். அந்த நாளில் பிறந்தவன் கதவு உயரம் வளர்ந்ததும் பெற்றோருக்கு ஆகாது என்று, வளர்க்க வேண்டாம் என்கிறார் அப்பா. அம்மா ஒளித்து வளர்க்கிறாள். பெரியவனானதும் அவன் அப்பாவிடம் போய்க் கேட்கிறான்: மனிதனின் விதியைத் தருவது வானமா, கதவா? கதவுதான் என்றால் கதவை உயர்த்திக் கட்டிவிடுங்கள், யார் அந்த உயரத்துக்கு வளரப்போகிறார்கள்? அப்பாவுக்குப் பேச வாய் வரவில்லை. இந்தத் தியன் வென் பின்னாளில் பெரிய அரசியல் புள்ளி ஆனார். ச்சூ யுவான் காலத்து ஆள்தான். அதாவது ச்சூ யுவான் ஆற்றில் விழுவதற்கு முன்பே அந்த நாள் கெட்ட நாள் என்று பயந்திருக்கிறார்கள்.

ஏன் பயம்? கோடை உச்சிக்கு ஏறும் நேரம். வெக்கை, ஈரம், கொள்ளை நோய், பூச்சி பொட்டு. ஐந்தாம் மாதத்துக்கு 'நச்சு மாதம்' என்றே பெயர் உண்டு. பாம்பு, தேள், பூரான், தேரை, பல்லி என்று ஐந்து நஞ்சுகளைச் சொல்வார்கள் (பல்லிக்குப் பதில் சிலந்தி என்று சொல்கிற ஊர்களும் உண்டு). அவற்றை விரட்ட வாசலில் இரண்டு செடிகளைக் கட்டித் தொங்கவிடுவது இன்றைக்கும் சீனாவில் வழக்கம். ஒன்று மாசிபத்திரி இனம். இன்னொன்று வசம்பு. ஆமாம், நம் வீட்டில் கைக்குழந்தையின் மணிக்கட்டில் கட்டுகிறோமே, பேர் சொல்லா மருந்து என்று ராத்திரியில் பேரைக்கூடச் சொல்லாமல் கேட்டு வாங்குவார்களே, அதே செடிதான். நாம் கிழங்கை எடுத்துக்கொண்டோம், அவர்கள் வாள் மாதிரி இருக்கிற இலையை எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகள் கையில் ஐந்து நிற நூல் கட்டுவதும் அந்த நாளின் பழைய வழக்கம்.

இனி சோற்றுக்கு வருவோம். மேற்கு ஜின் காலத்தில் வாழ்ந்த ஜோ சூ (கி.பி. 236–297) தன் பகுதி வழக்கங்களைக் குறித்து வைத்தார். மூல நூல் தொலைந்துவிட்டது. ஆனால் ஆறாம் நூற்றாண்டு வேளாண் நூல் ஒன்று எடுத்துக் காட்டியதால் இந்தப் பகுதி பிழைத்தது. நீர்க்கரையில் வளரும் ஒரு காட்டு நெல் வகையின் இலையில் ஒட்டும் பனிவரகை வைத்துக் கட்டி, சாம்பல் கரைத்த நீரில் நன்றாகக் குழைய வேகவைத்து, ஐந்தாம் நாளிலும் கோடை உச்சி நாளிலும் உண்பார்கள் என்கிறது அது. பெயர் 'கொம்புப் பனிவரகு', கூர் மூலைகள் இருப்பதால். இலை தானியத்தைப் பொதிந்திருப்பது, யின்னும் யாங்கும் (சீனத் தத்துவத்தின் இரு எதிரெதிர் ஆற்றல்கள்) இன்னும் பிரியாமல் ஒன்றையொன்று சுற்றியிருப்பதைக் காட்டுகிறது என்று காரணமும் சொல்கிறது. ச்சூ யுவான் பெயரே அந்த இடத்தில் இல்லை.

அவர் சோற்றோடு சேர்வது அதற்கும் இருநூறு ஆண்டு கழித்து. லியாங் அரச காலத்து வூ ஜுன் (469–520) தொகுத்த அதிசயக் கதைகளில் ஒன்று இது. சு நாட்டு மக்கள் ஆண்டுதோறும் மூங்கில் குழாயில் அரிசி அடைத்து ஆற்றில் போட்டு ச்சூ யுவானுக்குப் படைக்கிறார்கள். பிறகு ஹான் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டில், சாங்ஷா ஊர்க்காரர் ஒருவர் முன்னால் ச்சூ யுவானின் ஆவி தோன்றுகிறது. 'நீங்கள் படைப்பது நல்லதுதான். ஆனால் வருஷா வருஷம் டிராகன் திருடித் தின்றுவிடுகிறது. இனிமேல் குழாயின் வாயை மலைவேம்பு இலையால் அடைத்து, வண்ண நூலால் சுற்றிப் போடுங்கள். இந்த இரண்டுக்கும் அது பயப்படும்' என்கிறது.

பசியோடு ஆவி வந்து புகார் சொல்லும் இந்தக் கதையை நான் முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். கவனித்துப் பாருங்கள், இங்கே மீன் இல்லை, உடலைக் காப்பாற்றும் பேச்சும் இல்லை. சோறு அவர் சாப்பிடத்தான். மீன்களுக்குத் தீனி போட்டு உடலைக் காத்தார்கள் என்பது பின்னால் வந்த திருத்தம். அப்புறம் அந்த இலையும் நூலும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், கதவில் செடி, கையில் ஐந்து நிற நூல், எல்லாம் நச்சை விரட்டும் அதே சாமான்கள். ஏற்கெனவே இருந்த காப்புக் கட்டும் வழக்கத்தின் மேல் கவிஞர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அவர் மட்டும் வந்து உட்காரவும் இல்லை. சூஜோ பக்கம் போனால் இந்த நாள் வூ ஸிஷூவுக்கு உரியது: கி.மு. 484இல் அரசன் கட்டளையால் தற்கொலை செய்து, தோல் பையில் கட்டி ஆற்றில் வீசப்பட்ட மந்திரி. ஷாவ்ஷிங் பக்கம், ஆற்றில் அடித்துச் செல்லப்பட்ட அப்பாவைத் தேடித் தானும் இறங்கிய 14 வயதுப் பெண் சாவ் அ. மூன்றிலும் ஆறு இருக்கிறது, மூழ்கியவர் இருக்கிறார். 1940களில் வென் இத்துவோ என்ற அறிஞர், இது முதலில் தென்கிழக்கு நீர்ப்புற மக்களின் டிராகன் வழிபாட்டு விழா என்று வாதிட்டார். எல்லாரும் அதை முழுதாக ஏற்கவில்லை, ஆனால் படகுக்கு ஏன் டிராகன் தலை என்பதற்கு அது பொருத்தமான விளக்கம். கடைசியில் வென்றது ச்சூ யுவான்தான். நாட்டுக்காக உயிரை விட்ட கவிஞர் என்றால் அரசுக்கும் பிடிக்கும், வாத்தியாருக்கும் பிடிக்கும்.

இன்று வகைகள் ஏராளம். வடக்கே சீன இலந்தைப்பழம் வைத்த இனிப்பு, தெற்கே இறைச்சி வைத்த உப்புச் சுவை. எது சரி என்று ஆண்டுதோறும் இணையத்தில் சண்டை. பினாங்கின் ஞோஞ்ஞா சாங்கில் (சீன, மலாய் வழக்கம் கலந்த குடும்பங்களின் சமையல் இது) மல்லித்தூள் மணக்கும், சர்க்கரையில் ஊறிய பூசணித் துண்டு இனிக்கும், ஒரு மூலை சங்குப்பூச் சாற்றில் நீலமாக இருக்கும். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் சீனாவில் கொடுப்பார்கள்: சோங் என்ற ஒலி, தேர்ச்சி என்பதற்கான 'ஜோங்' போல இருப்பதால்.

இவற்றில் பழமைக்கு மிக அருகில் இருப்பது கீ சாங் என்று நினைக்கிறேன். கடையில் யாரும் கண்டுகொள்ளாத, உள்ளே ஒன்றுமே வைக்காத சின்ன மஞ்சள் பொட்டலம். 'கீ' என்றால் காரம், நம் அப்பளக்காரம் மாதிரி. அரிசியை அந்தக் கார நீரில் ஊறவைப்பார்கள். அதனால்தான் மஞ்சள் நிறம், அந்த வழவழப்பு. ஜோ சூ எழுதிய சாம்பல் நீர் ஞாபகம் வருகிறதா? ஆறவைத்து, கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) பாகு ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் இதுதான். என் பாட்டி சுத்த சைவம் என்று ஆ மாவுக்குத் தெரியும். இரண்டு பானை வைப்பார். பெரியதில் பாக் சாங், சின்னதில் கீ சாங். கடையில் வாங்குகிற சைவக்காரர்கள் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரே பானையில் அவிப்பவர்களும் உண்டு. ஆ மா எங்கள் கொத்தைச் சிவப்பு நூலால் கட்டியிருப்பார். பாட்டி கதவருகே நின்று நூலின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுவார்.