வீட்டில் 'தெரியும்' என்கிற பிள்ளைக்குப் பரீட்சையில் ஏன் வருவதில்லை?

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். நோட்ஸைப் பார்த்தால் எல்லாம் தெரியும் என்கிறாள். ரியூசன் பரீட்சையில் பேப்பரைக் கண்டதும் ஒன்றும் வருவதில்லை. தெரிந்தவர் ஒருவர் ஞாபகசக்தி மாத்திரையும் வார இறுதி வகுப்பொன்றும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். பரீட்சைக்கு 2 மாதம் இருக்கிறது. சேர்க்கலாமா? – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

மனதில் ஒன்று பதிவது வேறு, கேட்ட நேரத்தில் அதை எடுப்பது வேறு. மகளுக்கு வராமற்போன ஒரு விடையின் முதற்சொல்லை மட்டும் சொல்லிப் பாருங்கள். மிச்சம் மளமளவென்று வந்தால் பதிவு பத்திரமாக இருக்கிறது, எடுத்துப் பழகவில்லை, அவ்வளவுதான். அப்படியும் வராவிட்டால் அந்தப் பாடம் இன்னும் படிக்கப்படவில்லை.

நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகும். அந்தப் பழக்கத்தைத்தான் பிள்ளை 'தெரியும்' என்கிறாள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் 81 வீதமும் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75 வீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 42 வீதம், எழுதியவர்கள் 56 வீதம். பதற்றத்தில் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் ஏறினால் நினைவை எடுப்பது இன்னும் கடினமாகும். ஆனால் எழுதிப் பழகியவர்களைப் பதற்றம் அவ்வளவு பாதிக்கவில்லை என்று 2016இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

ஆகவே இன்றிரவே தொடங்குங்கள். ஒரு தலைப்பு, உதாரணமாகக் கிரெப்ஸ் வட்டம். கொப்பியை மூடி, வெற்றுத்தாளில் 20 நிமிடம் படத்தோடு எழுதட்டும். வராத இடத்தில் உடனே கொப்பியைத் திறக்கக் கூடாது, 2 நிமிடமாவது யோசிக்க வேண்டும். பிறகு புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டு, விட்டதைச் சிவப்புப் பேனாவால் எழுதட்டும். அதே தலைப்பை மறுநாள், 3 நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி. முதல் வாரம் தாள் பாதி வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்துத் திட்டாதீர்கள்.

மண்டபத்தில் ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றால் அதையே துரத்தக் கூடாது. பிழையான சொல்தான் திரும்பத் திரும்ப வந்து வழியை மறிக்கும். இடம் விட்டு அடுத்த வினாவை எழுதிவிட்டுத் திரும்பி வரட்டும், அல்லது அந்தப் படத்தை ஓரத்தில் கீறிப் பார்க்கட்டும்.

இனி அந்தத் 'தெரிந்தவர்'. மாத்திரைக்கும் வகுப்புக்கும் சேர்த்து ஆள் பிடிப்பவருக்குத் தரகு இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாபகசக்தி மாத்திரைகளில் சேர்க்கும் கிங்கோ இலைச்சாற்றை 3,069 முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008இல் அறிவித்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்க வைக்கும் 'மிட்பிரெயின்' வகுப்பு மோசடி. மூக்கோரத்து இடைவெளியால் பிள்ளை பார்க்கிறது. 'இதுதான் வரும்' என்று விற்கும் ஊக வினாத்தாளும் அப்படியே. வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, சாப்பிடட்டும்.

காலையில் பாடசாலை, பின்னேரம் காலி வீதி நெடுக ரியூசன், இரவு பத்துக்கு வீடு. தானாக எழுதிப் பார்க்கப் பிள்ளைக்கு நேரம் எங்கே? சொல்லிக் கொடுப்பதையே படிப்பு என்று நினைக்கும் இந்த முறையை யாரும் மாற்றப் போவதாகத் தெரியவில்லை. நீங்களாவது ஒரு வகுப்பைக் குறையுங்கள். அந்த 2 மணித்தியாலத்தை எழுத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். தடிமன், தும்மலுக்கு மகள் பிரிட்டன் (Piriton) மாத்திரை போடுகிறாளா? அதிலுள்ள குளோர்பெனிராமின் தூக்கத்தைத் தருவதோடு, நினைவுக்கு வேண்டிய அசற்றைல்கோலின் என்ற மூளை இரசாயனத்தின் வேலையையும் மறிக்கிறது. இரவில் போட்டாலும் காலையில் உடம்பில் கணிசமாக மிச்சமிருக்கும். பல தடிமன் மாத்திரைகளில் இது வேறு பெயரில் கலந்திருக்கிறது, பெட்டியின் பின்புறத்தை வாசியுங்கள். ஒவ்வாமை இருந்தால் தூக்கம் குறைந்த மாற்று மருந்தை வைத்தியரிடம் இப்போதே கேட்டு, பரீட்சைக்கு 2 வாரம் முன்பே ஒரு முறை போட்டுப் பாருங்கள். பரீட்சையன்று காலையில் புதிதாக எதையும் கொடுக்காதீர்கள்.